லாரிக்குப் பூக்கட்டிப் பார்த்த கதை

எங்கள் லாரிக்கு இரண்டு தடவை தோல் உரிந்தது. பெயிண்டைத்தான் சொல்கிறேன். அடித்து ஐந்தாறு மாதம்கூட ஆகியிருக்காது. ஒரு மழை பெய்து, அடுத்து வெயில் அடித்ததும் பெட்டியின் ஓரங்களில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். நகத்தால் நெம்பினால் அப்பளம் மாதிரி கையோடு வரும். அந்த வேலையை என்னைவிடத் திறமையாகச் செய்கிறவர்கள் எங்கள் தெருவில் யாரும் கிடையாது. ஒருமுறை உள்ளங்கை அகலத்துக்கு முழுசாக உரித்து, பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்து, அப்பாவிடம் முதுகில் ஒன்று வாங்கிக்கொண்டேன்.

அப்பா அதைப் பழைய வண்டியாகத்தான் வாங்கினார். முன்னால் டிரைவர் உட்காரும் கேபின், பின்னால் எல்லாப் பக்கமும் தகடு அடித்து மூடிய பெட்டி. அதற்கு முன்பு அவர் அடுத்தவர் லாரியை வடக்கே ஓட்டிக்கொண்டிருந்தார். போனால் ஒரு மாதம், ஒன்றரை மாதம். திரும்பும்போது தாடியும் வேற்றூர் வாசனையுமாக வருவார். முதல் நாள் முழுக்க நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்றுதான் அவரைப் பார்ப்பேன். கூச்சம் விட்டு அவர் மடியில் உட்காருவதற்குள் அடுத்த லோடு வந்துவிடும். இதற்கு ஒரு முடிவு கட்டத்தான் சொந்த வண்டி. ஆனால் தோல் உரிந்த வண்டியை நம்பி உள்ளூரில் யாரும் நிரந்தரமாகச் சரக்கு ஏற்றவில்லை. அப்பா மறுபடியும் வடக்கே போகிற பேச்சை எடுக்க ஆரம்பித்திருந்தார். அந்தப் பேச்சு வந்தாலே அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பால் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். தயிரும் வெண்ணெயும் ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் கிளம்பி, சுற்றுவட்டாரத்து ஊர்களில் இறக்கிவிட்டு, பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். நிபந்தனை ஒன்றே ஒன்று. பெட்டி வெள்ளை வெளேர் என்று இருக்க வேண்டும், ஓர் இடத்தில்கூட பெயிண்ட் உரியக் கூடாது. திங்கட்கிழமை அவர்கள் ஆள் வந்து பார்ப்பார். ஒரு மழைக்காலம் முடிந்ததும் மறுபடி பார்ப்பார். அப்போது உரிந்திருந்தால் லோடு வேறு வண்டிக்குப் போய்விடும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது, முழுப் பரீட்சை லீவு. விளாங்குடியில் எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில், திண்டுக்கல் ரோட்டை ஒட்டியிருந்த பெயிண்ட் ஷெட்டில் வியாழக்கிழமை காலை வண்டியை நிறுத்தினார்கள். அங்கே வேலை செய்த பெயிண்டர் அப்பாவை மாப்ள என்று கூப்பிட்டதால் எனக்கு மாமா ஆகிவிட்டார். பெரிய மீசை, மீசை முழுக்க ஏதாவது ஒரு கலர். வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிப்பதில் மதுரை ஜில்லாவிலேயே தன்னை மிஞ்ச ஆள் இல்லை என்பதை அவரே நாளுக்கு நாலு தடவை சொல்வார். இரண்டு தடவை உரிந்ததும் அவர் அடித்த பெயிண்ட்தான். அதைப் பற்றிக் கேட்டால், அது மழையின் குற்றம்.

அவர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துப் பெட்டியின் மேல் வட்டமாகத் தேய்க்க ஆரம்பித்தபோது நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். மேலே இருந்த அழுக்கு வெள்ளை கரைந்து, உள்ளே ஒரு நீலம் வந்தது. நீலத்துக்கு நடுவில் பச்சை. பச்சைக்கு நடுவில் செங்கல் நிறம். அதற்கும் நடுவில், கடைசியாக, அலம்பி வைத்த எவர்சில்வர் தட்டு போல ஒரு வெள்ளித் துண்டு. இவ்வளவு நாளும் எங்கள் வண்டி என்று நினைத்துக்கொண்டிருந்ததற்குள் வேறு இரண்டு மூன்று வண்டிகள் பேசாமல் உட்கார்ந்திருக்கின்றன! அந்த நீல வண்டியை ஓட்டியது யார், அந்தப் பச்சை வண்டி எந்த ஊருக்கெல்லாம் போனது என்று நினைக்க நினைக்க எனக்கு உடம்பு சிலிர்த்தது. அப்பாவும் சித்தப்பாவும் ஆளுக்கொரு உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தார்கள். மத்தியானத்துக்குள் பெட்டியே அம்மை போட்ட உடம்பு மாதிரி ஆகிவிட்டது.

அம்மா ஒயர் கூடையில் சாப்பாடு கொண்டுவந்தாள். பெயிண்டர் மாமா அப்போதுதான் ரெட் ஆக்சைடு டப்பாவின் மூடியைத் திருப்புளியால் நெம்பிக்கொண்டிருந்தார். லாரிக்குக் கலர் அடிக்கும் முன்னால் தகட்டின் மேல் பூசுகிற செங்கல் நிற அடிப்பூச்சு அது. அதன் மேல்தான் மற்றதெல்லாம். அம்மா கூடையை வைத்துவிட்டு, அந்த வெள்ளித் துண்டை விரலால் தடவிப் பார்த்தாள். கீழே கிடந்த ஒரு பெயிண்ட் பொருக்கை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அதன் அடிப்பக்கம் சுத்தமான செங்கல் நிறமாக இருந்தது.

"அண்ணே, இந்தப் பெட்டியில எங்கிட்டாச்சும் துரு இருக்கா?" என்று கேட்டாள்.

"ஒரு பொட்டு இல்ல தங்கச்சி. ஏ ஒன் தகடு."

"அதத்தாண்ணே கேக்குறேன். கேபின் பூராம் துரு தின்னு கெடக்கு, பெட்டியில மட்டும் எப்பிடி இல்லாம இருக்கும்? இது துத்தநாகம் பூசுன தகடுண்ணே. வாளி செய்வாங்கள்ல, அந்தத் தகடு. இதுக்கு ரெட் ஆக்சைடு ஒட்டாது. பிரைமரோடதான் உரிஞ்சு வந்திருக்கு, பாருங்க. இதுக்குன்னு மஞ்சக் கலருல ஒரு பிரைமர் இருக்கு. எட்ச் பிரைமர்னு பேரு."

பெயிண்டர் மாமா டப்பாவைக் கீழே வைத்தார். போய்த் தன் சாமான் பெட்டியிலிருந்து ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத்தை எடுத்துவந்து, தகட்டில் வைத்தார். டக்கென்று ஒட்டிக்கொண்டது.

"இரும்பா இல்லையா, நீயே சொல்லு."

"உள்ள இரும்புதாண்ணே, மேல பூசியிருக்கிறதுதான்..."

மேலே பூசியிருப்பது என்னவென்று யாரும் கேட்கவில்லை. ஷெட்டே சிரித்தது. புதிதாகத் தொடுதிரை போன் வாங்கியிருந்த சித்தப்பா, அதில் ஏதோ தேடிப் பார்த்து, வீட்டுச் சுவருக்கு அடிக்கிற பெயிண்ட் விளம்பரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். பிறகு சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து ஒரு வாய் தின்றுவிட்டு, "மதினி, சாம்பார்ல உப்பு கூட. மொத அதப் பாருங்க. லாரிய நாங்க பாத்துக்கிறோம்" என்றார். மறுபடி சிரிப்பு. அப்பா சிரிக்கவில்லை, ஆனால் அம்மா பக்கம் பேசவும் இல்லை. "அவரு முப்பது வருசமா இதே வேலையா இருக்காருல்ல" என்று மட்டும் தகட்டைப் பார்த்துச் சொன்னார். எனக்கும் சிரிப்பு வந்தது, சிரித்தேன். இன்று அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அன்று காந்தம் ஒட்டியதைக் கண்ணால் பார்த்த பிறகும் அம்மா ஏன் பிடிவாதம் பிடிக்கிறாள் என்றுதான் தோன்றியது.

அம்மா எல்லோருக்கும் சோறு போட்டாள். ரசம் ஊற்றும்போது, மோர் வேண்டுமா என்று கேட்கிற குரலில் சொன்னாள்.

"அவுங்க சொல்றதும் இருக்கட்டும், நான் சொல்றதும் இருக்கட்டும். நாளைக்கு வெள்ளிக்கெழம. ஆத்தாகிட்டயே கேட்டுருவோமே."

ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. எங்கள் வீட்டில் அப்படித்தான். எதிலாவது இரண்டு பேருக்கு இரண்டு நினைப்பு வந்துவிட்டால் காளியம்மன் முன்னால் பூக்கட்டிப் பார்ப்பார்கள். இரண்டு நிறப் பூவை இரண்டு பொட்டலமாகக் கட்டி, சாமி காலடியில் போட்டு, விவரம் தெரியாத குழந்தை ஒன்றை விட்டு எடுக்கச் சொல்வார்கள். எந்தப் பூ வருகிறதோ அதுதான் உத்தரவு. போர் எங்கே போடுவது, சித்தப்பாவுக்கு எந்தப் பெண், இந்த லாரியை வாங்கலாமா கூடாதா, எல்லாமே அப்படி முடிவானதுதான். அப்பா சாப்பாட்டுக் கையோடு தலையாட்டினார். பெயிண்டர் மாமாவுக்குக் கொண்டாட்டம்.

"தாராளமா கேப்போம். ஆத்தாவுக்குப் புடிச்ச கலரே செவப்புதான? அவ என்னய விட்டுக் குடுக்க மாட்டா."

மறுநாள் காலை எல்லோரும் குளித்துவிட்டு வந்தோம். ஷெட்டுக்குப் பின்னால் கண்மாய்க் கரையில் ஆள் உயரத்துக்கு ஒரு சின்னக் கோவில். உள்ளே காளியம்மன், சிவப்புச் சேலை, வெள்ளிக் கண்கள். அம்மா கூடையிலிருந்து வாழை இலைத் துண்டுகளையும் பூவையும் எடுத்தாள். ரெட் ஆக்சைடுக்குச் செவ்வரளி, மஞ்சள் பிரைமருக்கு மஞ்சள் செவந்தி. கட்டுகிறவர் மட்டும்தான் பார்க்க வேண்டும் என்பது வழக்கம், அதனால் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கட்டினாள். இரண்டு பச்சைப் பொட்டலங்களும் ஒரே அளவு, ஒரே முடிச்சு. அவற்றைக் கையில் குலுக்கி அம்மன் காலடியில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஒன்னு எடு பாப்பா. நல்லா வேண்டிக்கிட்டு எடு."

அதுவரை எனக்கு அது விளையாட்டாகத்தான் இருந்தது. குனிந்ததும் பயம் வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் அப்பா கண்ணை இறுக மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். இந்தக் கை தப்பாக எடுத்தால் பெட்டி உரியும், உரிந்தால் லோடு போகும், லோடு போனால் அப்பா வடக்கே போய்விடுவார். ஒன்பது வயதுக் கைக்கு அது தாங்குகிற பாரமா? ஒரு பொட்டலத்தைத் தொட்டேன். ஏதோ சரியில்லை போல இருந்தது. விட்டுவிட்டு மற்றதைத் தொட்டேன். அதுவும் அப்படியே இருந்தது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவதையே எடுத்து அப்பாவிடம் நீட்டினேன்.

அப்பா நாரை அவிழ்த்தார். இலை விரிந்தது. உள்ளே மஞ்சள் செவந்தி.

கோவில் மணியைக் காற்று லேசாக அசைத்தது. அம்மனின் வெள்ளிக் கண்கள் என்னையே பார்ப்பது போல இருந்தது. என் விரல் நுனியிலிருந்து தோள்வரை ஒரு குறுகுறுப்பு ஓடியது, பொய் சொல்லவில்லை. என் கைக்குள் புகுந்து ஆத்தாதான் எடுத்திருக்கிறாள் என்று எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்துவிட்டது. சித்தப்பா மட்டும் தலையைச் சொறிந்தார்.

"மதினி, எதுக்கும் அந்த இன்னொன்னயும் பிரிச்சுப் பாத்துருவோமா?"

அம்மா சட்டென்று திரும்பினாள். "உத்தரவு வந்த பெறகு மறுபடி பாக்குறது ஆத்தாவையே சோதிக்கிற மாதிரி. வேணும்னா நீங்க பாருங்க. வார வெனை உங்களுக்கு."

சித்தப்பா இரண்டு எட்டுப் பின்னால் போனார். அம்மா அந்தப் பொட்டலத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கூடைக்குள் போட்டாள். பெயிண்டர் மாமாவின் முகம்தான் பார்க்கப் பாவமாக இருந்தது. சொந்தக்காரர்களே கைவிட்டது போல அம்மனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சரி, கேபினுக்காச்சும் செவப்பு அடிச்சுக்கிறேன்" என்றார். "கேபினுக்கு அதுதாண்ணே சரி" என்று அம்மா உடனே சொன்னாள். அவருக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

அந்தப் பிரைமரை அவர் வாங்கியதே இல்லையாம். "நான் வாங்கிட்டு வாரேன்" என்று அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். திருப்பரங்குன்றத்தில் ஒரு பெயிண்ட் கடை. கல்யாணத்துக்கு முன்னால் அம்மா மூன்று வருடம் அங்கே பில் போட்டுக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அது, அம்மாவுக்குச் சின்ன வயதில் நீளச் சடை இருந்தது என்பது மாதிரி ஒரு செய்தி, அவ்வளவுதான். கடைக்காரர் அவளைக் கண்டதும் எழுந்து நின்று ஸ்டூல் போட்டார்.

"ஜி.ஐ.க்கு, துத்தநாகத் தகட்டுக்குண்ணே. ரெண்டு பாகமா வருமே, அது இருக்கா? அதுல கலக்குற ஆக்டிவேட்டருக்குத் தேதி பாத்துக் குடுங்க. போன தடவ மாதிரி கட்டி தட்டுனத எடுத்து வச்சுறாதீங்க" என்றாள் அம்மா.

அது அம்மாவின் குரலே இல்லை. வீட்டில் அப்படி அவள் பேசி நான் கேட்டதில்லை. கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "அந்த வாளிக் கம்பெனிக்காரன் சண்டைக்கு வந்தத இன்னும் மறக்கலையாம்மா நீ?" என்றார். அம்மா டப்பாவைக் குலுக்கிக் காதருகே வைத்துக் கேட்டாள். மூடியைத் திறந்து குச்சியால் கலக்கி, வடிகிறதைப் பார்த்தாள். எதை எதோடு எத்தனை பங்கு கலக்க வேண்டும், எவ்வளவு நேரம் ஊறவிட வேண்டும், கலக்கியதை அன்றைக்கே தீர்க்காவிட்டால் வீண் என்று கடகடவென்று சொல்லிக்கொண்டு போனாள். நான் பயபக்தியோடு அவளை அண்ணாந்து பார்த்தேன். காலையில் கோவிலில் இறங்கிய ஆத்தா இன்னும் மலையேறவில்லை, அம்மாவின் வாய் வழியாகப் பேசிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். பஸ்ஸில் அவள் மேல் கால் பட்டுவிடக் கூடாதென்று ஒடுங்கி உட்கார்ந்து வந்தேன்.

ஷெட்டில் அம்மா ஒன்றையும் தானே செய்யவில்லை. தண்ணீர் எடுக்கப் போகிற சாக்கில் பக்கத்தில் போவாள். "மெல்லிசாத்தான் அடிக்கணும்னு கடைக்காரரு சொல்லிவிட்டாருண்ணே" என்பாள். "சோப்புத் தண்ணி போட்டு ஒருக்காக் கழுவிட்டா நல்லதுன்னாரு" என்பாள். கடைக்காரர் அப்படி எதுவும் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். சாமி சொன்னதை வெளியே சொல்லக் கூடாது போலிருக்கிறது என்று நானும் பேசாமல் இருந்தேன்.

பெயிண்டர் மாமா பெயிண்ட் பீய்ச்சுகிற துப்பாக்கியைப் பிடித்து அழுத்தினார். உஸ்ஸென்று ஒரு மஞ்சள் மூட்டம். மூக்கைக் காரமாகத் தாக்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெரிய பெட்டி, மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு வந்தவள் போல, தலையிலிருந்து கால்வரை மங்கலமாக நின்றது. அம்மைத் தழும்பு மாதிரி இருந்ததெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை. அவ்வளவு பெரிய மஞ்சளை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை, அதற்குப் பிறகும் பார்த்ததில்லை. கால் மணி நேரத்துக்குள் காய்ந்துவிட்டது. பெயிண்டர் மாமா ஆணியை எடுத்தார். உரியும் என்ற நம்பிக்கையோடுதான் எடுத்திருப்பார். குறுக்கும் நெடுக்குமாகக் கீறினார், அதன் மேல் செல்லோ டேப்பை ஒட்டி, வெடுக்கென்று இழுத்தார். டேப் வெறுமையாக வந்தது. இன்னோர் இடத்தில் செய்தார். அங்கேயும் ஒன்றும் வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்மாய்க் கரைப் பக்கம் திரும்பி, கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"மாப்ள, முப்பது வருசத்துல இம்புட்டுப் பிடிமானத்த நான் பாக்கல. ஆத்தா சக்தியே சக்தி" என்றார். அம்மா அடுப்பில் வைத்துவிட்டு வந்த எதையோ நினைத்துக்கொண்டவள் போலக் கிளம்பிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் மஞ்சளின் மேல் வெள்ளை அடித்து முடித்தார்கள். திங்கட்கிழமை கம்பெனி ஆள் வந்தார். வெள்ளைப் பெட்டியைச் சுற்றி வந்தார், தட்டினார், மூலையைச் சுரண்டினார், தலையாட்டினார். மழைக்காலம் முடிந்து வந்தும் தலையாட்டினார். அந்த வண்டியை விற்கிற வரைக்கும் பெட்டியில் ஒரு நகக்கண் அளவுகூட உரியவில்லை. அப்பா தினமும் பொழுது சாயும் நேரத்தில் தயிர் வாசனையோடு வீட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகு நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் நிற்க வேண்டியிருக்கவில்லை. எனக்கும் ஒரு மரியாதை வந்து சேர்ந்தது. கைராசிக்காரி என்று பெயர் வைத்து, ஊரில் யார் பூக்கட்டினாலும் எனக்குத்தான் ஆள் அனுப்பினார்கள். பெயிண்டர் மாமா அன்று முதல் எந்த மூடிய வண்டி வந்தாலும் மஞ்சள்தான் அடித்தார். காரணம் கேட்டவர்களுக்கெல்லாம் கண்மாய்க் கரைக் காளியைக் காட்டினார்.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம்தான் இது நடந்தது. அப்பா கம்பெனிக்குக் கையெழுத்துப் போடப் போயிருந்தார். நானும் அம்மாவும் திருப்பரங்குன்றம் கடையில் பாக்கியைக் கொடுத்துவிட்டுப் பஸ்ஸில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தோம். பசித்தது. முறுக்கு இருக்கிறதா என்று கூடைக்குள் கையை விட்டுத் துழாவினேன். அடியில், விரித்திருந்த பேப்பருக்குக் கீழே, அந்த இன்னொரு பொட்டலம் கிடந்தது. இலை கறுத்துச் சுருண்டிருந்தது. சித்தப்பாவிடம் அம்மா எச்சரித்தது நினைவிருந்தும், அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நாரை இழுத்துவிட்டேன்.

உள்ளேயும் மஞ்சள் செவந்தி. வாடியிருந்தது, ஆனால் மஞ்சள்தான்.

எனக்கு மயிர் கூச்செறிந்தது. நான் எங்கே தப்பாக எடுத்துவிடுவேனோ என்று, கட்டிய பொட்டலத்துக்குள்ளேயே அரளியைச் செவந்தியாக மாற்றிவிட்டாளே ஆத்தா! எங்கள் அப்பா வடக்கே போகக் கூடாதென்று அவளுக்கு எவ்வளவு அக்கறை இருந்திருக்க வேண்டும்! கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துப் பூவைக் காட்டினேன்.

அம்மா அந்தப் பூவைப் பார்த்தாள். முன்சீட்டையும் பின்சீட்டையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு அதை வாங்கி, மெதுவாக என் சடையில் செருகிவிட்டாள்.

"யார்ட்டயும் சொல்லாத. சாமி காரியம்."

"சொல்ல மாட்டேம்மா. ஆனா ஆத்தா எப்பம்மா மாத்துனா? நான் எடுக்குறப்பவா, நீ கட்டுறப்பவா?"

அம்மா வெளியே பார்த்தாள். பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டியது. நான் கேட்டதையே அவள் மறந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"நான் கட்டுறப்பத்தான் இருக்கும்" என்றாள்.

எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. என் கையில் வைத்து நடந்திருக்கும் என்றல்லவா நினைத்திருந்தேன்.